வலப்பக்கத்தில் எழுத வேண்டியது – கடிதம்

அன்புள்ள சார்,

கோவையில் பேக்எண்ட் டெவலப்பராக வேலை பார்க்கிறேன். கல்லூரி முடித்ததிலிருந்து கோடு துணுக்குகளையும் ‘எப்படிச் செய்வது’ என்ற குறிப்புகளையும் சேர்த்து வருகிறேன். எல்லாம் குறிப்பு எடுக்கும் ஆப்களில்: முதலில் எவர்நோட், அப்புறம் நோஷன், இப்போது அப்சிடியன். நானூறுக்கு மேல் இருக்கும். ஆனால் வேண்டிய நேரத்தில் எதுவும் உதவுவதில்லை. திறந்து பார்த்தால் இதை எதற்கு எடுத்து வைத்தேன் என்றே புரியவில்லை. உதாரணமாக, ‘பழைய லாக் அழிக்க’ என்ற தலைப்பில், பழைய பதிவுக் கோப்புகளைத் தேடி அழிக்கும் ஒரு ஃபைண்ட் கட்டளை இருக்கிறது. ஒரே வரி. ஓட்டிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. எந்த ஆப்பில், எப்படி டேக் போட்டு வைப்பது? ‘ஏஐயைக் கேட்டால் நொடியில் வந்துவிடும், இதெல்லாம் எதற்கு’ என்கிறார் என் டீம் லீட். அவர் சொல்வது சரியா?

ஆர், கோவை

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வந்தபோது கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். டேக் விஷயத்தை இப்போதைக்கு விடுங்கள். அது உங்கள் பிரச்சினையே இல்லை.

எட்சாக் 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. அந்தக் கணினிக்கு வகுக்கத் தெரியாது. வகுத்தலுக்கென்று தனிக் கட்டளையே அதில் கிடையாது. வர்க்கமூலம், சைன், கொசைன், அச்சிடுதல் எல்லாவற்றுக்கும் துணைநிரல்கள்தான் வேண்டும், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்கள். ஆளாளுக்கு ஒவ்வொரு முறையும் அவற்றை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் துளையிட்ட காகித நாடாக்களில் சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தன் நாடாவில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். 1951 வாக்கில் 87 துணைநிரல்கள் சேர்ந்திருந்தன. நீங்கள் அப்சிடியனில் செய்வதை அவர்கள் காகிதத்தில் செய்தார்கள்.

ஒரு வித்தியாசம். அங்கே ஒவ்வொரு நாடாவுக்கும் எழுத்தில் ஒரு விவரக்குறிப்பு இருந்தது. என்ன செய்யும், எவ்வளவு நினைவகம் பிடிக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று. அந்தத் துணைநிரல் நூலகத்துக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் டேவிட் வீலர். 1952-ல் துணைநிரல்கள் பற்றி இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். நிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர் அதைச் சுலபமாகப் பயன்படுத்தும்படி விவரம் எழுதும் வேலை மிச்சம் இருக்கிறது, எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம் என்கிறார். அந்த இடத்தைப் படித்து நிறுத்திய அன்றுதான் உங்கள் கடிதத்தைத் திறந்தேன். நானூறு துணுக்கு சேர்த்தேன் என்கிறீர்கள். அந்தக் கடினமான வேலையை எத்தனைக்குச் செய்தீர்கள்? ஒன்றுக்குக்கூடச் செய்திருக்க மாட்டீர்கள் என்பது நீங்கள் அனுப்பிய அந்த ஒற்றை வரியிலேயே தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நான்கைந்து வரி எழுதச் சோம்பல், அவ்வளவுதான்.

சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட சீனியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. இடப்பக்கம் கட்டளை. வலப்பக்கம், அது எங்கே சொதப்பும் என்பது, தமிழும் இங்கிலீஷும் கலந்து. நைட் ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நோட்டைக் கொடுத்து, “வலப்பக்கத்தை முதல்ல படி” என்பார். நீங்கள் பயப்படுகிற அதே ஃபைண்ட் கட்டளை அதிலும் இருந்தது. லாக் கோப்புகள் மட்டுமே இருக்கும் ஒரு கோப்புறைக்காக எழுதியது. அதன் வலப்பக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

டெலீட் எப்போதும் கடைசியில். முதலில் டெலீட்டுக்குப் பதில் பிரின்ட் போட்டு, என்னென்ன வருகிறது என்று பார். எம்டைமுக்கு (கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள் என்ற நிபந்தனை) பிளஸ் ஏழு கொடுத்தால் முழுதாக எட்டு நாள் ஆனவைதான் வரும், ஏழரை நாள் ஆனது வராது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் திறந்து வைத்திருக்கும் லாகை அழித்தால் பெயர்தான் போகும், டிஸ்கில் இடம் திரும்பாது. அந்த புரோகிராம் கோப்பை மூடினால்தான் திரும்பும்.

இவ்வளவும் ஒரே ஒரு வரிக் கட்டளைக்கு.

அவர் வேலையை விட்டுப் போன பிறகு நோட்டை நிறுவனத்தின் விக்கியில், அதாவது எல்லோரும் படிக்கும் உள் இணையப் பக்கங்களில், ஏற்ற முடிவெடுத்தார்கள். தட்டச்சு செய்தவர்கள் இடப்பக்கத்தை மட்டும் ஏற்றினார்கள். வலப்பக்கம் சொந்தக் குறிப்பாம், தேவையில்லையாம். நோட்டு பழைய பேப்பரோடு போனது.

கொஞ்ச நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்த விக்கி வரியை வேறொரு கோப்புறைக்கு எடுத்தான். அங்கே லாகுகளோடு வாடிக்கையாளர்களின் பில்களும் இருந்தன. புத்திசாலிப் பையன், கவனமாக ‘பெயர் லாக் என்று முடிய வேண்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தான். சேர்த்த இடம் வரியின் கடைசி, அதாவது டெலீட்டுக்குப் பின்னால். ஃபைண்ட் இடமிருந்து வலமாகத்தான் போகும். பழையதா என்று பார்த்தது, பழையது என்றால் அழித்தது, அதற்கு அப்புறம்தான் பெயரைக் கேட்டது. பழைய பில்கள் அத்தனையும் போயின. முழுப் பழியும் அவன் தலையில் விழுந்தது. ‘டெலீட் எப்போதும் கடைசியில்’ என்ற மூன்று சொல்லைத் தூக்கிப் போட்டவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கே உடையும் என்று எழுதுவது ஒன்றும் அக்காவின் தனிப் பழக்கம் இல்லை. 1971 நவம்பர் 3 தேதியிட்ட, யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டின் முதல் பதிப்பைப் பாருங்கள். கட்டளைகளின் விளக்கத்தில் ‘பக்ஸ்’ (பிழைகள்) என்றே ஒரு தலைப்பு வைத்து, குறைகளைத் தாங்களே எழுதினார்கள் யூனிக்ஸை உருவாக்கிய தாம்சனும் ரிச்சியும். குறையை மறைக்காமல் சொன்னதால்தான் அந்தக் கையேட்டை நம்பிப் படிக்க முடிந்தது.

உங்கள் துணுக்குகளில் பாதி, புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எடுத்ததாக இருக்கும். அங்கே அதிகம் நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்குகளில் ஒன்று, பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கிற மாதிரி கேபி, எம்பி என்று மாற்றிக் காட்டுவது. ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் 2010-ல் எழுதியது. 2019-ல் அவரே அதில் பிழை இருக்கிறது என்று விளக்கி எழுதித் திருத்தினார். 9,99,999 பைட் கொடுத்தால் ஒரு எம்பி என்று சொல்லாமல் 1000.0 கேபி என்று சொல்லும். திருத்தம் மூலப் பதிலில் இருக்கிறது. நகலெடுத்தவர்களில் எடுத்த இடத்தின் சுட்டியைக் குறித்து வைத்தவர் மட்டுமே திரும்பிப் போய்ப் பார்க்க முடியும். நீங்கள் குறித்தீர்களா? அங்குள்ள பதில்களுக்கு மூலத்தைச் சொல்ல வேண்டும் என்ற உரிம நிபந்தனை வேறு இருக்கிறது.

நமக்கென்று ஒன்றும் உண்டு. தலைப்பை இத்தனை எழுத்தில் வெட்டு என்ற துணுக்கு எல்லாரிடமும் இருக்கும். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறியீடுகள்; ‘மி’-யின் இகரக் குறியும் ‘ழ்’-இன் புள்ளியும் தனித்தனி. பைத்தானில் நான்கில் வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். துணுக்கை எழுதியவர் இங்கிலீஷை மட்டும் வைத்துச் சோதித்திருப்பார். இதை அவர் எழுதி வைக்க மாட்டார். நீங்கள்தான் எழுத வேண்டும்.

உங்கள் டீம் லீட் சொல்வது பாதி சரி. வரியை ஏஐ தரும், விளக்கமும் தரும். உங்கள் சர்வரில் எந்தக் கோப்புறையில் பில்கள் இருக்கின்றன, போன மாதம் எது உடைந்தது என்பதெல்லாம் நீங்கள் எழுதி வைத்திருந்தால்தான் அதற்கும் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். நானூறையும் சரிசெய்ய உட்காராதீர்கள், மூன்றாவது நாளே விட்டுவிடுவீர்கள். கடந்த ஒரு மாதத்தில் உண்மையாகவே பயன்படுத்தியவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு விஷயம் எழுதுங்கள்: அன்று திரையில் வந்த பிழைச்செய்தி எழுத்து மாறாமல் (பின்னால் தேடும்போது அதைத்தான் தட்டுவீர்கள்), எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள், எங்கே சொதப்பும். க்ரான்டேபில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியலில், வைக்கும் கட்டளை என்றால், அதில் சதவீதக் குறி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். டெர்மினலில் ஒழுங்காக ஓடும் டேட் கட்டளை க்ரானில் உடைவது பெரும்பாலும் அதனால்தான். அங்கே சதவீதக் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும்.

ஆப் எதுவானாலும் பரவாயில்லை. அப்சிடியனிலேயே இருங்கள். அது உங்கள் கணினியில் சாதாரண மார்க்டவுன் எழுத்துக் கோப்புகளாகத்தான் வைக்கிறது, கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டுத் தேடிக்கொள்ளலாம். அந்த ஃபைண்ட் குறிப்பை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கட்டளை மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.