சொட்டு மருந்தில் மாட்டு ஜீனா?

கேள்வி: பேத்திக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. டிஸ்பென்சரியில் பேதிக்கான ரோட்டாவாக் சொட்டு முதல் தவணை கொடுத்தாயிற்று. அது டெல்லிக் குழந்தையின் மலத்தில் எடுத்த வைரஸ், அதில் மாட்டு ஜீன் இருக்கிறது என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அடுத்த தவணைக்குத் தூக்கிக்கொண்டு போகவே மனசு வரவில்லை. உண்மையா ஐயா?
– ஒரு பாட்டி, மயூர் விஹார், டெல்லி

பதில்: முதலாவது உண்மை அம்மா. இரண்டாவது அரைகுறை. பசுவின் ஜீன் அல்ல, ரோட்டா என்ற பேதி வைரஸில் பசுவைத் தாக்கும் வகையின் ஜீன்.

1980-களின் நடுவில் எய்ம்ஸில் பிறந்த சில சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பேதியே வரவில்லை. தொடர்ந்து கவனித்ததில், பின்னாளிலும் அவர்களுக்குக் கடும் ரோட்டா பேதி குறைவாகவே வந்தது. டாக்டர் எம்.கே.பான் குழு அந்த வைரஸை விடவில்லை. 116ஈ என்று பெயர். ரோட்டாவாக் சொட்டில் இருப்பது அதுதான்.

நான் இங்கே ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருந்த காலத்தில், ரோட்டாவா என்று பார்க்க ஜெல் ஓட்டுவோம், அதாவது கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஜீன் துண்டுகளை அளவுவாரியாகப் பிரிப்போம். இந்த வைரஸின் ஜீன்கள் 11 தனித்தனித் துண்டுகள். மலத்திலிருந்து ஆர்என்ஏவை (இந்த வைரஸின் ஜீன்கள் ஆன பொருள்) பிரித்து ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றினால் மேலிருந்து நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று கோடுகள் விழும். நடுவில் அந்த மூன்றும் நெருக்கியடித்து நின்றால் போதும், ரிப்போர்ட் எழுதிவிடலாம். (அப்புறம் ஜெல்லே வேண்டாத எலைசா பரிசோதனைக் கிட் வந்தது. மூக்குக்கு விடுதலை!)

துண்டு துண்டாக இருப்பதால்தான் கலப்பும் நடக்கிறது. மனித ரோட்டாவும் மாட்டு ரோட்டாவும் ஒரே செல்லுக்குள் புகுந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் குலுக்கிய கதைதான். 116ஈ-யின் ஜீன்களைப் படித்தபோது நான்காவது துண்டு மட்டும் மாட்டு ரோட்டாவினுடையது என்று தெரிந்தது. செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்துக்கான ஜீன் அது. லேபில் யாரும் சேர்த்ததில்லை, தானாக நடந்த கலப்பு.

மலம் என்று முகம் சுளிக்காதீர்கள். வைரஸைத் தனியே பிரித்து, செல்களில் வளர்த்துத்தான் மருந்தாக்குகிறார்கள். டெல்லி, புனே, நம்ம வேலூர் ஆகிய ஊர்களில் 6,799 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். கடும் ரோட்டா பேதி பாதிக்குச் சற்று மேல் குறைந்தது. 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். வேறு கிருமிகளாலும் பேதி வரும், வீட்டில் ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும்.

பத்தாவது வாரம் ஐந்து சொட்டு, பதினான்காவது வாரம் ஐந்து சொட்டு. இரண்டையும் தவறவிடாதீர்கள்.