ஊசி போட்ட வரிக்குதிரை மீன் குஞ்சிலேயே முடிவு தெரிந்துவிடாதா?

உங்கள் கேள்வி: டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் என்ற நொதியை வைத்து ஒரு மரபணுவை வெட்டியாகிவிட்டது, அப்புறம் எதற்குப் பேரக்குஞ்சு பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும்?

மீன் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் முட்டைக்கு ஊசி போட்டவன் நான். காலையில் விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டையிடும். கருவுற்ற முட்டை முக்கால் மணி நேரத்தில் இரண்டு செல்லாகிவிடும். அதற்குள் அகரோஸ் கூழில் செய்த பள்ளத்தில் முட்டைகளை வரிசையாக அடுக்கி, கண்ணாடி ஊசியால் குத்தியாக வேண்டும். ஜிங்க் ஃபிங்கர் என்ற பழைய வகை நியூக்ளியேஸ் காலத்தில் நாங்கள் செலுத்தியது எம்ஆர்என்ஏ. அதாவது கத்தியை அல்ல, கத்தி செய்வதற்கான குறிப்பை. செல் அதைப் படித்துப் புரதமாக்கி முடிப்பதற்குள் கரு பல செல்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வெட்டு தனித்தனியாக விழும், சிலவற்றில் விழவே விழாது. வெட்டுப்பட்ட இடத்தைச் செல் அவசரமாக ஒட்டும்போது ஒன்றில் நான்கு டிஎன்ஏ எழுத்து தொலையும், இன்னொன்றில் ஏழு நுழையும். மூன்று எழுத்து போனாலோ, வாசிப்பு வரிசை பிசகாது. புரதம் வேலை செய்தாலும் செய்யும். ஆக, அந்தக் குஞ்சு ஒரு கலவை.

2008-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் இரண்டு குழுக்கள் இதை முதலில் செய்து காட்டின. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான கேடிஆர்எல் மரபணுவை எடுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சங்காமோ என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து செய்தது. நிறத்துக்கான 'கோல்டன்' மரபணுவின் ஒரு பிரதி ஏற்கெனவே கெட்டுப்போன கருக்களில் ஊசி போட்டார்கள். மிச்சமிருந்த நல்ல பிரதி எந்தச் செல்லில் வெட்டுப்பட்டதோ அங்கே நிறம் போய்விடும். கருப்பாக இருக்க வேண்டிய கண்ணில் வெளிறிய திட்டுகள்! கலவை என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மரபணுவின் இரண்டு பிரதியும் முழுக்க முடங்கிய மீன் வேண்டுமென்றால், ஊசி போட்டதை வளர்த்து, சாதாரண மீனோடு சேர்த்து, குஞ்சுகளின் துடுப்பு நுனியை வெட்டி டிஎன்ஏ பார்த்து, ஒரே மாற்றம் உள்ள அண்ணன் தங்கைகளை இணைக்க வேண்டும். அதில் கால் பங்குதான் தேறும். ஒரு தலைமுறைக்குச் சுமார் மூன்று மாதம்.

சரி, 2013-இல் கிரிஸ்பர் என்ற புதிய வெட்டுக்கருவி மீன்களுக்கு வந்தபின்? வெட்டு அவ்வளவு நன்றாக விழுவதால் ஊசி போட்ட குஞ்சிலேயே பல நேரம் விளைவு தெரிகிறது. முதல் பார்வைக்கு அது போதும். ஆனால் நிலையான மரபுவழியும் சில சமயம் கையை விரிக்கும். எம்ஆர்என்ஏவைத் தற்காலிகமாக அடக்கும் மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறால் ஈஜிஎஃப்எல்7 என்ற மரபணுவை அடக்கினால் ரத்தக்குழாய் கெடுகிறது. அதே மரபணுவை நிரந்தரமாக முடக்கிய மீன்களில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. காரணத்தை 2015-இல் ஜெர்மனியின் பாட் நௌஹைமில் டிடியர் ஸ்டெய்னியர் குழு காட்டியது: முடங்கிய மீனில் எமிலின் என்ற வேறு மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து இழப்பை ஈடுகட்டுகின்றன. மார்ஃபோலினோ போட்ட குஞ்சில் அந்த ஈடுகட்டல் நடப்பதில்லை.