குழம்பு ஏன் தம்ப்நெயிலில் கறுப்பாகத் தெரிகிறது?

கேள்வி: நானும் அம்மாவும் தேனியிலிருந்து ஒரு சமையல் சேனல் நடத்துகிறோம். 60 வீடியோ போட்டாயிற்று. உள்ளே வருகிறவர்கள் கடைசிவரை பார்க்கிறார்கள், கமென்ட்டும் நன்றாக வருகிறது. ஆனால் கிளிக் விகிதம், அதாவது வீடியோ கண்ணில் பட்டவர்களில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பது, 1.6 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், என்ன தப்பு? எந்த ஃபான்ட் போட்டால் எடுபடும்?

ஃபான்ட்டைக் கடைசியில் பார்ப்போம், உங்கள் பிரச்சினை அதில் இல்லை. நீங்கள் அனுப்பிய 5 படங்களையும் போனில், யூடியூப் பட்டியலில் வருகிற அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, மிளகுக்குழம்பு மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. எவர்சில்வர் பாத்திரத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். எழுத்தைப் படித்த பிறகுதான் எது எது என்று புரிகிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகிற ஆள் அதுவரை நிற்க மாட்டார்.

ஏன் கறுப்பாகிறது தெரியுமா? பாத்திரத்தின் விளிம்பு ட்யூப் லைட்டில் பளபளக்கிறது. போன் கேமரா அந்தப் பளபளப்பைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவு செய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது, குழம்பு அதில் மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு நீங்கள் எடுத்திருப்பது வீடியோவிலிருந்து ஸ்கிரீன்ஷாட், கரண்டி அசைந்த இடமெல்லாம் கலங்கலாக இருக்கிறது.

அதனால் தம்ப்நெயில் படத்தைச் சமைக்கிற அன்றே, தனியாக, போட்டோவாக எடுங்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது. குழம்பை இறக்கியதும் ஜன்னலோரம் கொண்டுபோங்கள், ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ கொஞ்சம் பின்னாலிருந்தோ விழட்டும், அப்போதுதான் மேலே மிதக்கிற எண்ணெய் மினுங்கும், நிறம் கறுப்பிலிருந்து சிவப்புக்கு வரும். போனில் குழம்பின் மேல் ஒருமுறை தொட்டால் கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். எவர்சில்வரை விட்டு மண்சட்டிக்கு மாறலாம். என்னைக் கேட்டால் சட்டியே வேண்டாம், வாழையிலையில் வெள்ளைச் சோறு, நடுவில் குழி, அதில் குழம்பு விழுகிற நொடி, மேலே இரண்டு சுண்டை வற்றல் முழுசாகத் தெரியட்டும். பச்சை, வெள்ளை, செம்பழுப்பு என்று மூன்று நிறம் பிரிந்து நின்றால் எவ்வளவு சுருக்கினாலும் என்ன சாப்பாடு என்று தெரிந்துவிடும். அம்மா ஊற்ற நீங்கள் 20, 30 படம் எடுங்கள், ஒன்று தேறும்.

அப்பளம், பொரியல், மோர் எல்லாவற்றையும் சுற்றி அடுக்காதீர்கள். ஒரு படத்தில் ஒரு பொருள் போதும்.

அம்மாவின் முகத்தை வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வையுங்கள், ஆனால் வாயைப் பிளந்து அதிசயப்படுகிற முகம் வேண்டாம். உங்கள் வீடியோ ஒன்றில் அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டுகிறாரே, அந்த முகம்தான் வேண்டும். எப்போதும் இடப்பக்கமே வைத்தால், ஏற்கெனவே பார்க்கிறவர்கள் பெயரைப் படிக்காமலே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எழுத்துக்கு வருவோம். 'செட்டிநாடு ஸ்பெஷல் வத்தக்குழம்பு செய்வது எப்படி' என்று படத்தின் மேல் எழுதியிருக்கிறீர்கள், கீழே தலைப்பிலும் அதுவே இருக்கிறது. தலைப்பு சொல்லாததைப் படம் சொல்லட்டும்: 'ஒரு வாரம் கெடாது'. மூன்று சொல், அதுவும் வீடியோவில் அம்மா உண்மையாகவே சொல்கிற விஷயம். இல்லாததைப் போட்டு இழுத்தால் வந்தவர் அரை நிமிடத்தில் போய்விடுவார். அதிலும் செய்தி வீடியோக்களில் இப்படி ஏமாற்றுகிற தலைப்பு, தம்ப்நெயில்கள் மேல் இந்தியாவில் நடவடிக்கை எடுக்கப்போவதாக 2024 டிசம்பரிலேயே யூடியூப் அறிவித்துவிட்டது.

சரி, ஃபான்ட். பலூ தம்பி, கேட்டமரன், முக்தா மலர் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், மூன்றிலும் தடித்த வடிவம் உண்டு. ஆனால் இருப்பதிலேயே தடியானதை எடுத்து அதற்கும் மேல் கறுப்புக் கரை கட்டினால் ழ, ண, ஞ இவற்றின் உள்சுழி அடைந்துபோய் வெறும் கட்டியாகத் தெரியும், ஒரு படி மெலிந்ததே நல்லது. இரண்டு வரி எழுதினால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், மேல் வரி 'கு'வின் வால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கிறது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டுகிற வசதியைத் தொடவே வேண்டாம். சில ஆப்களில் 'கொ' என்பதன் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும், சேமித்த பிறகு ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். வலது கீழ் மூலையில் எதுவும் எழுதாதீர்கள், வீடியோ நேரம் அங்கேதான் வந்து உட்காரும். படத்தின் அளவு 1280க்கு 720 பிக்சல்.

அப்புறம் அந்த 1.6. யூடியூப் கணக்குப்படி பாதி சேனல்களுக்கு இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது, நீங்கள் ரொம்பத் தூரத்தில் இல்லை. புதியவர்களுக்கு வீடியோ நிறையக் காட்டப்படும்போது விகிதம் இறங்குவதும் வழக்கம்தான், அதைப் பார்த்துப் பதறி அன்றே படத்தை மாற்றாதீர்கள். கணினியில், சேனலை நிர்வகிக்கிற யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தால் ஒரே வீடியோவுக்கு 3 தம்ப்நெயில் வரை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் ஜெயிப்பது அதிகக் கிளிக் வாங்கிய படம் இல்லை, அதிக நேரம் பார்க்க வைத்த படம்.

பழைய 60 வீடியோவையும் மாற்ற உட்காராதீர்கள். கடைசிவரை பார்க்கிறார்கள், கிளிக் மட்டும் குறைவு என்று இருக்கிற 5 வீடியோவை எடுங்கள், மிளகுக்குழம்பிலிருந்து தொடங்கலாம். தலைப்பைத் தொடாமல் படத்தை மட்டும் மாற்றி இரண்டு வாரம் விடுங்கள், அப்போதுதான் எதனால் ஏறியது என்று தெரியும். பழைய ஸ்கிரீன்ஷாட்டை வெளிச்சம் கூட்டி ஒப்பேற்ற முடியாது, மறுபடி குழம்பு வைக்க வேண்டியதுதான். காலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே வைத்துவிடுங்கள்.