எந்தப் பச்சை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மரச்செக்கு எண்ணெய்க்குப் புதிய லேபிள் தயாரிக்கிறோம். வடிவமைப்பாளர் கைபேசியில் இரண்டு பச்சைகளை அனுப்பியிருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீட்டில் ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில், கைபேசித் திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரை தானே ஒளிர்ந்து நிறம் காட்டுகிறது. அச்சகமோ சயான், மஞ்சள் மைகளை வெள்ளைத் தாளில் நுண்புள்ளிகளாகப் பதித்துப் பச்சையை உண்டாக்குகிறது. திரையில் பளீரென்று தெரியும் பல பச்சைகளை வழக்கமான நான்கு மைகளால் எட்டவே முடியாது. அப்படிப்பட்ட இரண்டு பச்சைகள் திரையில் வேறுவேறாகத் தோன்றினாலும், அச்சில் ஒரே மங்கலான பச்சையாக வந்து சேரக்கூடும். அப்போது வீட்டில் நடக்கும் விவாதமே தேவையற்றதாகிவிடும். ஆகவே, லேபிள் எந்த ஸ்டிக்கர் தாளில் அச்சாகப் போகிறதோ அதே தாளில், அதே லேமினேஷனுடன் இரண்டுக்கும் ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். பளபளப்பு லேமினேஷன் நிறத்தை ஆழமாகக் காட்டும். மேட் லேமினேஷன் அதைச் சற்று வெளிறச் செய்யும்.

ப்ரூஃப் வந்ததும் ‘எது அழகு?’ என்று கேட்க வேண்டாம். இரண்டில் எது வெளிர்ந்திருக்கிறது, எது மஞ்சள் பக்கம் சாய்கிறது, எது நீலம் பக்கம் சாய்கிறது, எதில் சாம்பல் கூடியிருக்கிறது என்று பாருங்கள். நெருங்கிய இரண்டு பச்சைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவற்றுள் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அது எது என்று சொல்ல முடிந்தால், தேர்வுக்கான காரணத்தையும் சொல்ல முடியும்.

அடுத்து, உங்கள் லேபிள் தனியாக நிற்கப் போவதில்லை; அதன் மேலும் கீழும் எண்ணெயின் பொன்னிறம் தெரியும். பாரிஸ் நகரில் கோபலான் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், அங்கே கறுப்பு நூல் சரியில்லை என்று எழுந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வலுவிழக்கச் செய்கின்றன என்று கண்டறிந்து, அந்த ஆய்வை 1839இல் நூலாக வெளியிட்டார். அதே விதி உங்கள் பாட்டிலுக்கும் பொருந்தும். பொன்மஞ்சளை ஒட்டி நிற்கும் பச்சை கண்ணுக்குச் சற்று நீலமாகத் தோன்றும். ஏற்கெனவே நீலம் பக்கம் சாயும் பச்சையை அங்கே வைத்தால் அது இன்னும் குளிர்ந்து, மருந்துக் கடைச் சாயல் கொண்டுவிடும். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் மஞ்சள் பக்கம் சாய்ந்த, ஆனால் எண்ணெயோடு கலந்துபோகாத அளவுக்கு ஆழமான பச்சையையே நான் பரிந்துரைப்பேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய நிறமற்றது என்பதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மூன்றுக்கும் ஒரே லேபிள் என்றால், நல்லெண்ணெய் பாட்டிலில் ஒட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சோதனை அங்கேதான் கடினம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சைவ உணவுக்கான பச்சை வட்டக் குறி உங்கள் லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும்; பின்னணியிலிருந்து அது வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதும் விதி. பச்சை லேபிளில் அதற்கென்று ஒரு வெள்ளை இடம் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: மனிதக் கண்ணால் மற்ற எல்லா நிறங்களையும்விடப் பச்சையில்தான் மிக அதிக வகைகளைப் பிரித்தறிய முடியும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பாதி உண்மை. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகுதியாக உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீள ஒளியை. அது மஞ்சள் கலந்த பச்சை. ஆனால் அது பிரகாசத்தை உணரும் திறன் மட்டுமே. சாயலில் உள்ள சிறு மாற்றத்தைக் கண் மிகக் கூர்மையாகக் கண்டுபிடிப்பது 490 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையிலும், 590ஐ ஒட்டிய மஞ்சளிலும்தான். நடுப் பச்சையில் அந்தக் கூர்மை குறைகிறது. இரண்டு நடுப் பச்சைகளுக்கு இடையே நீங்கள் தடுமாறினால் அது உங்கள் கண்ணின் குறை அல்ல.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆலிவ் பச்சைக்கு டையிங் பிரிவிலிருந்து ஏ, பி, சி என மூன்று லேப் டிப் (சாயமேற்றிய சிறு மாதிரித் துணி) வந்தன. டி65 விளக்கில் பி அப்படியே பையர் கொடுத்த மாதிரித் துண்டான ஸ்வாட்ச் போல இருக்கிறது. டிஎல்84 விளக்கில் செம்மை தட்டுகிறது. சி இரண்டு விளக்கிலும் ஒரே மாதிரி ஒரு துளி மங்கல். எதை அனுப்புவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: சி-யை அனுப்புங்கள். இந்தக் கேள்வியை நீங்கள் லைட் பாக்ஸில் (வெவ்வேறு விளக்குகளின் கீழ் நிறம் பார்க்கும் பெட்டியில்) பார்த்துவிட்டுக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஏனென்றால் பலர் அலுவலக டியூப்லைட்டின் கீழ் பார்த்தே ஒப்புதலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆலிவ் பச்சையை மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று சாயங்களைக் கலந்து பெறுவது வழக்கம். பையரின் ஸ்வாட்ச் ஒரு சாயக் கூட்டணியிலும், உங்கள் பி வேறொரு கூட்டணியிலும் உருவாகியிருந்தால், இரண்டும் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தோன்றும். இதைத்தான் மெட்டாமெரிசம் என்கிறோம். டி65 பகல் வெளிச்சத்தைக் குறிக்கிறது. டிஎல்84 ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கைக் குறிக்கிறது. வாடிக்கையாளர் கடைக்குள் உடையை எடுத்துப் பார்த்து, வாசலுக்கு வரும்போது அது வேறு நிறமாக மாறினால் அந்த ஆர்டரே சிக்கலாகிவிடும். மாறாக, சி-யின் குறை எல்லா விளக்கிலும் ஒரே திசையில் இருப்பதால், டையிங் மாஸ்டர் ரெசிபியில் சிறு மாற்றம் செய்து அடுத்த டிப்பில் சரிசெய்துவிடலாம். பி-யைச் சரிசெய்யச் சாயக் கூட்டணியையே மாற்ற வேண்டியிருக்கும்.

நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி காட்டும் டெல்டா ஈ எண்ணை, அதாவது இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவை, கவனத்துடன் படியுங்கள். பல பையர்கள் சிஎம்சி என்ற நிற வேறுபாட்டுக் கணக்கில் 1க்குள் இருந்தால் ஏற்கிறார்கள். 2:1 என்று குறிக்கப்படும் அந்தக் கணக்கு, வெளிர்வு ஆழ வேறுபாட்டுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. சாயல் மாறினால் அவ்வளவு மன்னிப்பதில்லை. எனவே ஒரே 0.8 என்ற எண் இரண்டு டிப்களுக்கு வந்தாலும், ஒன்று சற்று ஆழமாகவும் மற்றொன்று செம்மையாகவும் இருக்கலாம். மொத்த எண்ணோடு, வேறுபாடு எந்தத் திசையில் போகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். கழுத்து ரிப்பும் உடல் துணியும் தனித்தனியாகச் சாயமேறும் உடைகளில், தையல் கோட்டின் இரு பக்கமும் இந்தத் திசை அப்பட்டமாகத் தெரியும்.

டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு துணியை மதிப்பிடாதீர்கள். ஆறி, காற்றின் ஈரத்தை ஏற்ற பிறகே அதன் நிறம் நிலைபெறும். தொடர்ந்து பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகி உணர்வை இழந்துவிடும் என்பதால், ஒவ்வொரு டிப்புக்கும் இடையில் பெட்டியின் சாம்பல் சுவரைச் சற்று நேரம் பாருங்கள்.

கேள்வி: ஷேடு கார்டில் மென்மையாக இருந்த பச்சை, வரவேற்பறை முழுக்க அடித்ததும் கண்ணைக் குத்துகிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா?
– வாசகி, மதுரை

பதில்: அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. விரலளவுக் கார்டில் அடங்கி இருக்கும் நிறம், சுவரளவு விரியும்போது வலுவாகத் தெரியும். அதோடு, ஒரு பச்சைச் சுவரில் பட்ட ஒளி எதிர்ப் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் பச்சை கூடுகிறது. தரை சிவப்பு ரெட் ஆக்சைடாக இருந்தால், பச்சை இன்னும் உரத்துத் தோன்றும். மறுபடி அடிக்கும்போது கார்டில் ‘இது கொஞ்சம் சாம்பலாக இருக்கிறதே’ என்று நீங்கள் தயங்கும் பச்சையை எடுங்கள். அல்லது இப்போதைய பச்சையை ஒரு சுவரோடு நிறுத்தி, மற்ற மூன்றையும் வெள்ளையாக்கிவிடுங்கள், செலவும் குறையும். எதைச் செய்தாலும், பெரிய அட்டையொன்றில் இரண்டு கோட்டு அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்த பிறகே டப்பா வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் செயலியில் ‘பதிவானது’ என்பதற்கு ஒரு பச்சை, ‘சரிபார்க்கப்பட்டது’ என்பதற்கு அதைவிட ஆழமான பச்சை வைத்திருக்கிறோம். போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. சிவப்பு பச்சை வேறுபாட்டை உணர இயலாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். அவர்களுக்கு மட்டுமல்லாமல், வெயிலில் நின்று திரையைப் பார்க்கும் எவருக்கும் இவ்விரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். இரண்டாவதற்கு ஒரு சரிக்குறியும், இரண்டுக்கும் எழுத்தில் பெயரும் சேருங்கள். நம் உணவுப் பொட்டலங்களில் அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது. 2020ஆம் ஆண்டு விதிகளில் அது முக்கோணமானது. இப்போது நிறம் தெரியாவிட்டாலும் வடிவத்தால் அடையாளம் காணலாம்.

பச்சையின் மேல் வெள்ளை எழுத்து வைப்பதாக இருந்தால் ஆழமான பச்சையையே பயன்படுத்துங்கள். இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்குக் பின்னணியோடு குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு கேட்கின்றன. திரையின் முழுப் பச்சையில் வெள்ளை எழுத்து 1.4:1 கூட எட்டுவதில்லை. பச்சையின் அளவை அதன் உச்சமான 255இலிருந்து 128ஆகக் குறைத்தால் 5:1ஐத் தாண்டிவிடுகிறது.