ஜிப்சம் போட்டும் தண்ணீர் வடியவில்லையே, ஏன்?

கேள்வி: மழை பெய்தால் வயலில் நாலைந்து நாள் தண்ணீர் அப்படியே நிற்கிறது. மேல்மண் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு முழம் தோண்டினால் கல் மாதிரி களிமண். போன வருஷம் ஜிப்சம் தூவினேன், ஒரு மாற்றமும் இல்லை. ஆழமாக உழுது அடிமண்ணை மேலே கொண்டுவந்துவிட்டால் சரியாகுமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். அந்த அடிமண்ணில் சோடியம் மிகுந்திருந்தால், அதைப் புரட்டி மேலே போட்டதும் மழையில் கூழாகி, வெயிலில் ஓடு போல இறுகி, முளை வெளியே வர வழியில்லாமல் போகும். கையில் இருக்கிற நல்ல மேல்மண்ணும் கெட்டுவிடும்.

அது களர்தானா, அதாவது சோடியம் மிகுந்த மண்தானா என்று பாருங்கள். அடிமண்ணில் நன்றாகக் காய்ந்த கட்டி ஒன்றை, பட்டாணி அளவில் எடுத்து, கண்ணாடி டம்ளரில் இருக்கும் மழைநீரில் மெதுவாக இறக்கிவிட்டு, ஆட்டாமல் ஒரு நாள் அப்படியே வையுங்கள். கிணற்று நீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு களியைக் கலைய விடாமல் பிடித்துக்கொள்ளும். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போலக் கலங்கல் பரவினால் சோடியம் இருக்கிறது. கட்டி பொலபொலவென்று உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே நின்றால், பெரும்பாலும் மக்குச் சத்துதான் குறைவு, அதற்கு ஜிப்சம் வாங்குவது வீண் செலவு. ஆனால் மண்ணில் உப்பும் அதிகமாக இருந்தால் களர் தெரியாமல் மறைந்துகொள்ளும், அதனால் ஆய்வகத்தில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் ஏன் பலிக்கவில்லை? ஜிப்சத்தில் உள்ள கால்சியம் களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காருகிறது. சரி, தள்ளப்பட்ட சோடியம் எங்கே போகும்? தண்ணீரோடு கீழே இறங்கி நிலத்தை விட்டு வெளியேற வேண்டும். உங்கள் வயலில் தண்ணீரே இறங்கவில்லை, சோடியம் எப்படிப் போகும்! அப்புறம், ஜிப்சம் லேசில் கரையாது. லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான். ஏக்கருக்கு 1 டன் போட்டால் அது முழுக்கக் கரையவே ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர், அதாவது வயல் முழுக்க 10 சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும். மேலே தூவியது ஒரு முழம் கீழே போய்ச் சேர ஒரு போகம் போதாது, வருஷக்கணக்கில் ஆகும்.

ஆகவே முதல் செலவு வடிகாலுக்கு. சரிவு பார்த்து ஓரத்தில் வாய்க்கால் வெட்டுங்கள், பயிரை மேட்டுப்பாத்தியில் ஏற்றுங்கள். அப்புறம் உளிக்கலப்பை. அது மண்ணைப் புரட்டாது, கீறி மட்டும் விடும். அந்தக் கீறலுக்குள் ஜிப்சத்தையும் மக்கிய எருவையும் இறக்கினால் வேருக்கும் தண்ணீருக்கும் பாதை கிடைக்கும். அடிமண் காய்ந்திருக்கும்போதுதான் ஓட்டவேண்டும். உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், புழு மாதிரி நீண்டு வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டிராக்டரை இறக்காதீர்கள். ஈரத்தில் கீறினால் கொழு போன இடமெல்லாம் பூசி மெழுகினாற்போல் அடைத்துக்கொள்ளும், ஜிப்சம் இல்லாமல் கீறினால் அடுத்த மழைக்கே மூடிக்கொள்ளும். இடையில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். களரைத் தாங்கி வளரும் பயிர் அது, வேர் அழுகிய துளை வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

கேள்வி: ஜிப்சம் போட்டு மண் தேறிவந்தது, கிணற்று நீர் பாய்ச்சிய இரண்டு வருஷத்தில் மறுபடி இறுகிவிட்டது. ஏன்?

பதில்: தண்ணீரைப் பரிசோதியுங்கள். பைகார்பனேட் அதிகமுள்ள நீர் மண்ணில் உள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடும், சோடியத்துக்கு மறுபடி இடம் கிடைக்கும். அப்படி இருந்தால், ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக நீரைச் செலுத்திப் பாய்ச்சுங்கள், மழைநீர் கிடைக்கிற காலத்தில் கிணற்று நீரை நிறுத்திவிடுங்கள்.