அந்தக் காமெடி சீனை என் கையால் எழுத வேண்டியிருக்கிறது

மேடம்,
எனக்கு 27 வயது. வடபழனியில் தங்கி, உதவி இயக்குநராக வேலை பார்க்கிறேன். எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். ஒரு தோழியைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

இப்போது எழுதும் படத்தில் ஒரு காமெடி டிராக். பார்லர் வைத்திருக்கும் ஒருவன் இடுப்பை வளைத்து நடந்துவந்து ஹீரோவின் நண்பனைத் துரத்துகிறான். டிஸ்கஷனில் ஆளாளுக்கு நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். அப்புறம், "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கு" என்று ஃபேர் காப்பியை என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். எழுத உட்கார்ந்தாலே வயிற்றைப் பிசைகிறது. தூக்கமும் போய்விட்டது. வாயைத் திறந்தால், "உனக்கென்ன அதுல அவ்வளவு அக்கறை?" என்று கேட்பார்களோ என்று பயம்.

எனக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். தையல் கடை நடத்தும் இரண்டு பெண்களின் காதல். படித்த சீனியர் அண்ணன், "ஒருத்தியை ஆணா மாத்திடு, இல்ல கடைசியில சாகடிச்சிடு" என்கிறார். கதையை மாற்றுவதா, இல்லை என்னையே மாற்ற சிகிச்சை ஏதும் இருக்கிறதா?

- பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள தோழிக்கு,
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990-லேயே எடுத்துவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்கிற மருத்துவத்தைத் தடை செய்யச் சொல்லி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுவருடமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தன்னைப் பற்றிய கிண்டலைத் தானே அழகாக எழுதித் தர வேண்டுமென்றால் யாருக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். ஆனால் சீன் சரியில்லை என்று சொல்வதும், உங்களைப் பற்றிச் சொல்வதும் வேறுவேறு. "சார், இது பழைய டிராக், இப்ப ட்ரோல்தான் வரும்" என்று எந்த உதவி இயக்குநரும் சொல்லலாம். கையில் மாற்று சீனோடு போங்கள். பார்லர்காரரே மற்றவர்களைக் கலாய்க்கட்டுமே! எடுபடவில்லையா, அந்த சீனை மட்டும் இன்னொருவரிடம் எழுதக் கொடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ராத்திரி தூங்கலாம்.

அண்ணன் நல்லவராக இருக்கலாம். அவர் கணக்குதான் பழசு. 2023-ல் மம்முட்டியே தயாரித்து, தன்பாலீர்ப்பாளராக நடித்த மலையாளப் படம் 'காதல்: தி கோர்'. அதில் அவரைச் சாகடிக்கவில்லை. உங்கள் தையல்காரிகளும் இருந்துவிட்டுப் போகட்டும். முழுதாக எழுதி, முதலில் அந்தத் தோழியிடம் கொடுங்கள்.

படித்தவர்கள் சந்தேகப்படுவார்களா? சிலர் படுவார்கள். "கதை பிடிச்சது, எழுதினேன்" என்பது போதும். கொலைக் கதை எழுதுகிறவரிடம் யாரும் ஜாமீன் கேட்பதில்லை. உங்களைப் பற்றி யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. வேலை, வாடகை வீடு, ஊரில் அம்மா அப்பா, எல்லாவற்றையும் யோசித்து மெதுவாக எடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால் ஒரு உளவியலாளரைப் பாருங்கள். "தன்பாலீர்ப்பாளர்களோடு பேசிய அனுபவம் உண்டா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பதிலில் இழுத்தால், அடுத்த நம்பருக்குப் போடுங்கள்.