கழன்று வந்த கிட்டார் பிரிட்ஜை ஒட்டவே ஒட்டாதீர்கள்

தம்பி, தங்கச்சிமடம் வீட்டிலிருக்கும் தாத்தாவின் கிப்சன் ஈஎஸ்-175 கிட்டாரில் துருப்பிடித்த ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினீர்கள், கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது, ஃபெவிகால் போடலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்! எதுவும் உடையவில்லை. 1949இல் வந்த மாடல் அது. வயலினைப் போலவே கம்பிகளின் அழுத்தத்தில்தான் பிரிட்ஜ் நிற்கும்.

கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய பாலிஷில் பிரிட்ஜின் கால் பதிந்த தடம் மங்கலாகத் தெரியும். அங்கேயே வையுங்கள். தெரியாவிட்டால், நட்டிலிருந்து (கழுத்தின் நுனியில் கம்பிகள் படியும் சிறு கட்டை) 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்து (ஏறக்குறைய 12⅜ அங்குலம்), அதே தூரத்தை அங்கிருந்து பிரிட்ஜுக்கு விடுங்கள். கம்பி ஏற்றி, 12ஆம் ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்தி மீட்டும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதல் சுருதியில் ஒலித்தால், கம்பியைத் தளர்த்தி பிரிட்ஜை டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பகுதி) பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். பொறுமையாகச் செய்யுங்கள், நல்ல வாத்தியம் அது.

இனி ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். நான் மண்டபம் ஊரில் இருக்கிறேன். நம் உப்புக்காற்றில் சுவரில் மாட்டிவைத்தால் கம்பி சீக்கிரமே கறுத்துவிடும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள்.